அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு

வேனுக்கு அடியில் ராத்திரி போட்டுவைத்த அட்டையை, வீட்டில் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் உருவி மடித்துப் பாய்லர் அடுப்புக்குள் திணித்துவிடுவது மாப்பிள்ளைக்குக் கொஞ்ச காலமாகப் பழகிப்போன வேலை. அன்றைக்குக் குனிந்து கையை நீட்டியபோது அட்டை தட்டுப்படவில்லை. துணி தட்டுப்பட்டது.

இழுத்துப் பார்த்தான். ஏதோ ஒரு விடுதியில் கழித்துக் கட்டின பழைய படுக்கை விரிப்பு. நாலு மூலையும் இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல், விருந்தாளிக்குக் கட்டிலில் விரிக்கிற மாதிரி சிமெண்டுத் தரையில் விரித்திருந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் அப்படி விரிக்கத் தெரிந்த ஆள் ஒருத்திதான். வெள்ளை வெளேரென்ற விரிப்பின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிவப்புச் சொட்டுகள் சிதறிக் கிடந்தன.

சரிதான், மாட்டிக்கொண்டோம் என்று அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். பெண் எடுத்த வீட்டிலேயே வந்து தங்கிவிட்டவன். அழுக்குத் துணி போடுகிற விடுதிக்காரர்கள், பெட்ரோல் போடுகிறவன், முடி வெட்டுகிறவன் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "வீட்டோட மாப்பிள்ளை, வேனோட மாப்பிள்ளை" என்று இஸ்திரி மேசையில் நிற்கிற அக்கா ராகம் போட்டு இழுப்பாள். அவனுக்கு அதில் ரோஷம் ஒன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் அவன் சரக்கு இறக்குகிற கூடத்தில் சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அங்கே அவனை யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய்" என்றார்கள், அல்லது விசில் அடித்தார்கள். பிடரியில் தோல் செருப்பு மாதிரி தடித்துப்போயிருந்தது. ஒருநாள் மூட்டையோடு திரும்பும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. தரையில் விழுந்தவனைத் தாண்டிப் பின்னால் வந்தவன் தன் மூட்டையை இறக்கிவிட்டுத்தான் கைகொடுத்தான். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது, அவன் தலையிலும் மூட்டை. இனிமேல் பாரம் தூக்கினால் ஒருநாள் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் சலவைக்கூடம் நடத்துகிற அத்தை வேன் சாவியைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால் அவன் கையில் கொடுக்கவில்லை. "இந்தாடி, உன் வீட்டுக்காரர்கிட்ட குடு. எனக்கு எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று மகளிடம் நீட்டினாள். அவன் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தான். மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது மரியாதைக் குறைவு என்று அவளுக்கு ஒரு கணக்கு. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவாள், மகள் இல்லாவிட்டால் துவைக்கிற மெஷினைப் பார்த்துச் சொல்லுவாள், அதுவும் ஓடிக்கொண்டிருந்தால் சோப்புப் பீப்பாயிடம் சொல்லுவாள். அவனும் பதிலைச் சுவரிடம் சொல்லப் பழகிவிட்டான். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது அவளுக்கு ராத்திரி டியூட்டி. பகல் முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். வீட்டில் தபால்காரி இல்லாமல் போய்விட்டது.

முதல் சொட்டை அவன் பார்த்தது அந்த நேரத்தில்தான். சின்னச் சொட்டு. கியர் தானாக மாறுகிற வண்டி அது, மாமா உயிரோடு இருந்த காலத்திலேயே பழசாக வாங்கினது. அதன் கியர் பெட்டி குடிப்பது சிவப்பு ஆயில். சொட்டு சிவப்பாக இருந்ததும் அவனுக்கு இடுப்பில் அந்தப் பழைய இடம் ஒருமுறை சுண்டியது. அத்தையின் காதுக்குப் போனால் என்ன ஆகும்? 'ஓட்டின லட்சணம் அப்படி' என்பாள். அவனிடம் சொல்லமாட்டாள், மெஷினிடம் சொல்லுவாள், அது இன்னும் கேவலம். அதனால் ஆயில் கடையில் ஒரு கேன் வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தான். தினமும் காலையில் அட்டையில் எவ்வளவு கறை என்று பார்த்து, அதற்கு ஈடாக ஒரு ஊற்று. கொஞ்ச நாளில் கறை பெரிதாயிற்று, அவன் ஊற்றும் பெரிதாயிற்று. ரெண்டாவது கேனுக்குப் போனபோது ஆயில் கடைக்காரர், "என்ன மாப்பிள்ளை, உங்க வீட்டுல சமையலே இதுலதானா?" என்று சிரித்தார். ரெண்டு கேனுக்கு இவ்வளவு கிண்டலா என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பாய்லர் பக்கம் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அத்தை நின்றிருந்தாள். குட்டையான, அகலமான உருவம். வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி ஊறிக் கைகள் மட்டும் அவளைவிட வயதானவையாக இருந்தன.

"வண்டியை மெக்கானிக் பல்லிகிட்ட கொண்டுபோய்க் காட்டிடணும்," என்றாள் பாய்லரிடம். "பெட்டி போச்சுன்னு அவன் சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. அவன் கொட்டகைக்கு எதிர்த்தாப்புல பழைய இரும்புக்காரர் ரொம்ப நாளா கேக்கிறாரு, தள்ளி விட்டுடலாம். துணி எடுக்க வாடகை வண்டி சொல்லிக்கலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுறாங்க."

"காட்டலாம். காட்டுறதுக்கு என்ன," என்றான் மாப்பிள்ளை விரிப்பிடம்.

வாடகை வண்டி என்றால் அதற்கென்று ஒரு டிரைவர் கூடவே வருவான். சலவைக்கூடத்தில் மற்ற வேலையெல்லாம் நனைந்த துணியைத் தூக்குகிற வேலை. நனைந்த விரிப்பு மூட்டைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் அவன் இடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. சும்மா உட்கார்ந்து பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடவும் அவனால் ஆகாது. மறுபடி அந்தச் சிமெண்டுக் கூடம்தான், அந்த விசில்தான். அங்கேயும் எத்தனை நாளைக்கு நிற்பான்?

பல்லியின் கொட்டகைக்குப் போகிற வழியெல்லாம் அவன் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியவள் பின்னால் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து போவதாவது! உள்கண்ணாடியில் ஒருமுறை ரெண்டு பேர் கண்ணும் பட்டுக்கொண்டது. அவன் ரோட்டைப் பார்த்தான், அவள் மூட்டையைப் பார்த்தாள். பாலத்து ஏற்றத்தில் வண்டி வழுக்கியது. இன்ஜின் மட்டும் ஊளையிட்டது, சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்து அவனுக்குக் காதில் அறைந்த மாதிரி இருந்தது.

பல்லிக்கு அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் கேட்கவே வேண்டாம், ஆளைப் பார்த்தால் போதும். ஒல்லி உடம்பு, நீள விரல், எந்த வண்டிக்கும் அடியில் சரேலென்று நுழைந்து மல்லாந்து ஒட்டிக்கொள்வான். மாமாவுக்குத் தம்பி மாதிரி இருந்தவன், அதனால் அத்தையை அண்ணி என்பான். குழிமேல் வண்டியை நிறுத்தியதும் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

"யோவ் மாப்பிள்ளை," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இது என்ன வண்டியா, குளிச்சுட்டுத் துவட்டாம வந்த ஆளா? அடி முழுக்க ஈரம்யா!"

"எங்கேயிருந்து ஒழுகுதுன்னு தெரியுதா அண்ணே?"

"இரு, மோந்து பாக்கிறேன். இன்ஜின் ஆயில்னா கறுப்பா இருக்கும். ரேடியேட்டர் தண்ணின்னா பிசுக்கு இருக்காது. இது சிவப்பு, வழுவழுன்னு இருக்கு. கியர் பெட்டி ஆயில்தான், சந்தேகமே இல்லை." விளக்கு அங்கேயும் இங்கேயும் நகர்ந்தது. "இன்ஜினும் பெட்டியும் சேர்ற எடம் சொதசொதன்னு கெடக்கு. முன் சீல் போயிருக்கும்னு நெனைக்கிறேன். அதைத் தொடணும்னா பெட்டியை எறக்கணும். எறக்கிட்டா உள்ளே என்னென்ன செத்துக் கெடக்குன்னு பாக்காம ஏத்த முடியாது. இந்த வயசு வண்டிக்கு…"

மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கொட்டகை முழுக்கக் கேட்டது. எதிர்ப்பக்கத்து இரும்புக் கடைக்காரருக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. கையில் டீக் கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வந்தார். ரொம்ப மரியாதையான மனுஷர், பேச்சில் கூட எண்ணெய் போட்டுத்தான் பேசுவார். வந்தவர் வேனின் பக்கத் தகட்டில் ரெண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"தகடு நல்ல கனம்மா," என்றார் அத்தையிடம். "இப்பல்லாம் இப்படி யாரு போடுறான்?"

மாப்பிள்ளைக்கு அந்தத் தட்டல் தன் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

பல்லி குழியிலிருந்து தலையை நீட்டினான். "ஆயில் அளவு பாத்தீங்களா? எவ்வளவு கொறைஞ்சிருக்கு?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றான் மாப்பிள்ளை, கேள்வி முடிவதற்குள்.

"அளவுக்கு என்ன, சரியாத்தான் இருக்கு," என்றாள் அத்தை, மூலையில் சாய்த்துவைத்திருந்த துடைப்பத்திடம்.

பல்லி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பரவாயில்லையே, ஒரு விஷயத்துலயாவது ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்களே," என்று சொல்லிவிட்டு, அளவு பார்க்கிற கம்பியைத் துடைக்க எடுத்த துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான்.

அத்தை ஏன் அப்படிச் சொன்னாள் என்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. இரும்புக்காரர் முன்னால் வண்டியை விட்டுக்கொடுக்க மனமில்லையோ என்னவோ. அவளுக்கே மனமில்லை என்றால் இவன் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்?

"அண்ணே, ஒண்ணு சொல்லலாமா?" என்றான். "காலையில சில்லுனு எடுக்கும்போது வண்டி நல்லாத்தான் இழுக்குது. ஒரு மொரண்டும் இல்லை. ரெண்டு மூணு விடுதி சுத்திட்டு, சூடு ஏறினப்புறம்தான் வழுக்குது. சூடு ஆறிட்டா திரும்பவும் நல்ல புள்ளை ஆயிடுது."

"காலையில இழுக்குதா?"

"கட்டின மாட்டை அவுத்துவிட்ட மாதிரி."

பல்லி தாடையைச் சொறிந்தான். தாடையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. "சீல் போய் ஆயில் கொறைஞ்சு கெடந்தா, காலையில கியரைப் போட்டதுமே யோசிச்சு யோசிச்சுத்தானே நகரணும். இவ்வளவு ரத்தம் போனவன் எழுந்து ஓட மாட்டானே."

அத்தை ஒன்றும் சொல்லாமல் வேனின் பின்பக்கம் போனாள். காலையில் எடுத்த விரிப்பைக் கொண்டுவந்து குழி ஓரத்தில் உதறிப் போட்டாள். "இதைப் பாருங்க தம்பி. இது முன்சக்கரப் பக்கம், இது பின்பக்கம். ஓரத்துல முடிச்சுப் போட்டு வெச்சிருக்கேன். சீல் ஒழுகினா நடுவுல ஒரே எடத்துல குட்டையா நிக்கணும், இல்லையா? இங்கே நடுவுல ஒண்ணுமே இல்லை. ரெண்டு ஓரத்துலயும்தான் சொட்டியிருக்கு. சட்டையில கொழம்பு மடியில கொட்டினா ஒரு மாதிரி இருக்கும், கழுத்துல கொட்டினா ரெண்டு பக்கமும் வழிஞ்சு வரும். இது கழுத்துல கொட்டினது."

ஆயுசு முழுக்க அடுத்தவன் கறையோடு மல்லுக்கட்டினவள். யார் எங்கே உட்கார்ந்து எதைச் சிந்தினான் என்று விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் அப்படிச் சொல்லும்போது விடுதிக்காரர்களே கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

"மேலேயிருந்துன்றீங்க," என்றான் பல்லி.

"நான் ஒண்ணும் சொல்லலை. கறை இருக்கிறதைச் சொன்னேன்."

"அப்போ கழுவிப் பாத்துடுவோம். ஈரத்துல எல்லா எடமும் ஒழுகுற மாதிரிதான் தெரியும்."

மண்ணெண்ணெயும் பிரஷும் வந்தன. மாப்பிள்ளை குழிக்குள் இறங்கி அண்ணாந்து தேய்க்க ஆரம்பித்தான். அழுக்கும் ஆயிலும் முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கின. கொஞ்ச நேரம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இப்படித் தடவிக் குடுத்தா கறை போகுமா? தாலாட்டு பாடுற மாதிரி இருக்கு," என்று துடைப்பத்திடம் சொல்லிவிட்டு, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே குழியில் இறங்கினாள். அந்தக் குழியில் ரெண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். இடித்தது. ரெண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள். அவள் பிரஷைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்ததில், மாமா காலத்துக்கு அப்புறம் யாரும் பார்த்திராத வெள்ளி நிறத்தில் கியர் பெட்டி பளிச்சென்று வெளியே வந்தது.

காற்றடித்து உலர்த்தினதும், பல்லி முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து பெட்டி முழுக்க, அடியிலும் பக்கத்திலும் எட்டின மட்டும் மேலேயும், புகை மாதிரி தூவினான்.

"பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் இரும்புக்காரர்.

"ஆமா, நீங்கதானே பாக்க வந்திருக்கீங்க," என்றான் பல்லி. "ஏறு மாப்பிள்ளை. நல்லா சூடு ஏத்துற மாதிரி பாலத்துல ரெண்டு தடவை ஏறி எறங்கிட்டு வரலாம். எங்கே மொதல்ல பவுடர் நனையுதோ, அங்கேதான் ஓட்டை."

பல்லி முன் சீட்டில், அத்தை வழக்கம்போல மூட்டைமேல். முதல் ஏற்றத்தில் வண்டி ஒழுங்காக ஏறியது. ரெண்டாவது தடவை பாதியில் வழுக்கியது. மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மெதுவாக மிதித்தான். இதுதான் கடைசி ஓட்டமோ என்று நினைத்தான். இந்தக் கதவுப் பிடியின் ஆட்டம், மூணாவது விடுதி வாசலில் மட்டும் அழுகிற பிரேக், மழை வந்தால் ஒரு பக்கம் மட்டும் துடைக்கிற வைப்பர், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். இன்னொருத்தர் தந்த வண்டிதான், ஆனால் அவனை "ஏய்" என்று கூப்பிடாத முதல் வேலை அது.

திரும்பி வந்து குழிமேல் நிறுத்தியதும் பல்லி இறங்கினான். மாப்பிள்ளை மேலேயே நின்றான். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அண்ணி, நீங்க சொன்னதுதான்," என்று கீழேயிருந்து கத்தினான் பல்லி. "சீல் இருக்கிற அடிப்பக்கம் பவுடர் அப்படியே கெடக்கு. மேலேயிருந்துதான் ரெண்டு பக்கமும் கோடு கோடா எறங்கியிருக்கு. பெட்டி உச்சியில மூச்சு விடுறதுக்கு ஒரு கொழாய் உண்டு. அது வழியா வாந்தி எடுத்திருக்கு." விளக்கு மறுபடி மேலே நகர்ந்தது. "ஆனா அது ஏன் வாந்தி எடுக்குது? மாப்பிள்ளை, இன்ஜினை நிறுத்தாதே. ஓடட்டும்."

மேலே ஏறி வந்தவன் பானெட்டுக்குள் தலையை விட்டு, அளவுக் கம்பியை உருவினான். உருவினவன் அதை அப்படியே வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பியில் குறி இருக்கிற இடத்தையெல்லாம் தாண்டி, பிடி வரைக்கும் இளஞ்சிவப்பில் நுரை. துவைக்கிற மெஷினில் சோப்பு கூடிப்போனால் கதவோரத்தில் பொங்கி வழியுமே, அச்சாக அதேதான்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்குன்னீங்களே?" என்றான் பல்லி.

அத்தை துடைப்பத்தைப் பார்த்தாள், மாப்பிள்ளை டிரைவர் சீட்டைப் பார்த்தான்.

"இது சரியா இருக்கிற அளவா? குளிப்பாட்டி விட்டிருக்கீங்க. உள்ளே சுத்துற பல்லெல்லாம் ஆயிலைக் கடையுது, நுரை வருது, நுரையை வெச்சுக்கிட்டு வண்டி எப்படி இழுக்கும்? வழுக்கத்தான் செய்யும். மிச்ச நுரை மேலே பொங்கி வெளியே ஊத்துது. யாரு இதுல ஊத்தினது?"

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கேனை எடுத்து பானெட் ஓரத்தில் வைத்தான். "நான்தான் அண்ணே. கீழே சொட்டினதுக்கு ஈடா, காலையில காலையில கொஞ்சம்."

"கம்பியைப் பாத்தியா?"

"கறையைப் பாத்துத்தான் ஊத்தினேன்."

"நல்லா இருக்கு. ஆனா நீ ஒருத்தன் கொஞ்சம் ஊத்தினதுக்கு இவ்வளவு வராதே." பல்லி கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். "கணக்கு இடிக்குதே மாப்பிள்ளை."

அப்போது அத்தை வேனுக்குப் பின்னால் போனாள். இரும்புக்காரர்கூட டீயைக் குடிக்காமல் பார்த்தார். தலையணை உறைகள் கட்டின மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு கேனை எடுத்து வந்து முதல் கேனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே ஆயில். அதே கடைக்காரரின் சீட்டு ஒட்டியிருந்தது.

'உங்க வீட்டுல சமையலே இதுலதானா' என்று அந்த மனுஷர் ஏன் சிரித்தார் என்பது மாப்பிள்ளைக்கு இப்போதுதான் உறைத்தது.

"நீங்களுமா அண்ணி?"

"சாயங்காலம்," என்றாள் அத்தை கேனைப் பார்த்து. "வண்டி நல்லா ஆறினப்புறம், அவரு குளிக்கப் போற நேரத்துல. நான் கம்பியைப் பாத்துத்தான் ஊத்தினேன். இன்ஜினை ஓடவிட்டு, உங்க அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரியே. மேல் கோட்டுக்கு ஒரு விரல் கொறைஞ்சிருந்துச்சு, நெரப்பினேன்."

"மேல் கோடு சூடான வண்டிக்கு அண்ணி! ஓடிக் களைச்சு வந்த வண்டியைப் பாக்கணும். ஆறின வண்டியில ஒரு விரல் கொறைச்சலாத்தான் காட்டும். சூடானா அதுவே உப்பி மேலே வந்துரும். அண்ணன் வந்து எறங்கின கையோட பாப்பாரு, அதைச் சொல்லாம விட்டுட்டாரு." பல்லி நெற்றியில் அடித்துக்கொண்டான். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஆக, காலையில இவரு ஊத்துறாரு. சாயங்காலம் நீங்க ஊத்துறீங்க. நெறைஞ்சு வழியுது. வழியுறதைப் பாத்துட்டு ஒழுகுதேன்னு ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் ஊத்துறீங்க. ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவருகிட்ட?"

"எப்படித் தம்பி சொல்லுறது? வண்டி ஒழுகுதுன்னு சொன்னா ஓட்டுறவரைக் கொறை சொன்ன மாதிரி ஆயிடாது? அவரே நம்மளை நம்பி வந்து இருக்காரு."

"நீ ஏன்யா சொல்லலை?"

மாப்பிள்ளை தன் கேனின் மூடியை இறுக்கித் திருகினான். "வண்டியை வித்துடுவாங்கன்னு," என்றான்.

பல்லி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. உங்க மரியாதைதான் உள்ளே நெறைஞ்சு வழியுது."

மீதி வேலை பெரிய வேலை இல்லை. கம்பி போகிற குழாய் வழியாக மெல்லிய ஹோஸை விட்டு, கைப் பம்பால் கூடுதல் ஆயிலை உறிஞ்சி எடுத்தான் பல்லி. நுரை அடங்கக் காத்திருந்து, இன்ஜினை ஓடவிட்டு, திரும்பத் திரும்பக் கம்பியைப் பார்த்தான். எடுத்த ஆயிலை முகர்ந்தான். "கருகின வாடை இல்லை. தப்பிச்சீங்க. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே பாசத்தைக் கொட்டியிருந்தீங்கன்னா உள்ளே வெந்திருக்கும்." அப்புறம் விளக்கோடு இறங்கி, முதல் முதலாகச் சொட்டினது எது என்று தேடினான். கியர் ஆயில் ஆறுவதற்காக ரேடியேட்டர் பக்கம் போகிற ரப்பர் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. அதன் கீழே ஒரே ஒரு சொட்டு, பயந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் ரெண்டு திருப்பு திருப்பினான். அத்தனை கூத்துக்கும் ஆரம்பம் அந்த ரெண்டு திருப்புத் தளர்ச்சிதான்.

இரும்புக்காரர் காலிக் கிளாஸைக் கையில் உருட்டினார். "அப்போ வண்டி விஷயம் என்னம்மா? ஒழுகல் நின்னாலும் பழசு பழசுதானே. நான் ஒரு நல்ல வெலை சொல்லுறேன். நீங்களும் யோசிங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை துடைப்பத்தைப் பார்க்கவில்லை, கேனைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, எதிரே ஆயிலில் ஊறி நின்ற மருமகனை நேராகப் பார்த்தாள். அவள் கண் இவ்வளவு வெளிர் பழுப்பு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. மகளுக்கு அப்படியே அந்தக் கண்.

"மாப்பிள்ளை," என்றாள். "நீங்கதான் ஓட்டுறீங்க. நீங்க சொல்லுங்க. வண்டி இழுக்குமா?"

சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் பழக்கதோஷத்தில் ஒரு விநாடி தேடினான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

"இழுக்கும் அத்தை," என்றான். "பிரேக்குக்கு மட்டும் ஒருநாள் பாக்கணும். பெட்டியும் இன்ஜினும் நல்லா இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

"அப்ப சரி." அவள் இரும்புக்காரர் பக்கம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி விக்கிறதுக்கு இல்லை. உங்க வேட்டி, துண்டு, திரை எது இருந்தாலும் போட்டு விடுங்க, நல்லா வெளுத்துத் தர்றோம். உங்க சட்டையிலேயே டீக்கறை ரெண்டு இருக்கு."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது அத்தை பின்கதவு வரைக்கும் போனாள். போய், மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முன்கதவைத் திறந்து சீட்டைத் தட்டித் துடைத்துவிட்டு ஏறினாள். "பின்னாடி ஒரே புழுக்கம்," என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் ஊளையிடவில்லை. அவள் "ம்" என்றாள். அது வேறே "ம்".

மறுநாள் விடியும்போது மாப்பிள்ளை வேன் பக்கம் வந்தான். அட்டை போடவில்லை. ஆனால் வெள்ளை விரிப்பு விரித்திருந்தது, அதே மாதிரி சுருக்கமில்லாமல். அத்தை ஏற்கெனவே அங்கே குனிந்து நின்றாள். அவனும் அந்தப் பக்கம் குனிந்தான். விரிப்பின்மேல் ஒரு சொட்டு. கழுவின பெட்டியின் இடுக்கில் தங்கியிருந்த பழைய மிச்சமாக இருக்க வேண்டும். இல்லாமலும் இருக்கலாம்.

அத்தை அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஊத்தலையே நீங்க?" என்றாள் அத்தை.

"இல்லை அத்தை. நீங்க?"

அவள் யோசித்தாள். "கேன்ல கையை வெச்சேன். ஊத்தலை."

"கேனை என்கிட்ட குடுத்துடுங்க."

"உங்க கேனை என்கிட்ட குடுங்க மொதல்ல."

கேட் அருகில் பையோடு ராத்திரி டியூட்டி முடிந்து வந்து நின்ற மகள், தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் புரியாமல் விழித்தாள். "அம்மா, யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கே?"

"கண்ணு தெரியலையா? உன் வீட்டுக்காரர்கிட்டதான்," என்றாள் அத்தை, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டே. "நீ போய்த் தூங்கு. மாப்பிள்ளை, அந்த மூலையைப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க. இன்னும்."

அவன் இழுத்துப் பிடித்தான்.